பாண்டி, கடலூர் பக்கம் குழந்தைங்களோட ஒரு நாள் நடை: ஏரி, காடு, கடற்கரை

பனைமரத்தெரு:
பொங்கல் லீவுக்கு உறவுக்காரங்க வர்றாங்க. 4 வயசுப் பையன், 9 வயசுப் பொண்ணு, முட்டி வலியோட 66 வயசு அம்மா, மிச்சம் நாலு பெரியவங்க. ஏரி, காடு, கடல் மூணுலயும் ஒவ்வொரு நாளா நடக்கணும்னு ஆசை. காலைல கிளம்பி சாயந்திரம் வீட்டுக்கு வந்துடணும். கார் இருக்கு, பஸ்ஸும் சரிதான். "போங்க, சூப்பரா இருக்கும்"னு மட்டும் சொல்லாம, எவ்ளோ தூரம், எங்க நிழல், எங்க மாட்டிக்குவோம்னு சொல்லுங்க.

ஏரிமேடு:
முதல்ல ஒரு கணக்கு. 4 வயசுக் குழந்தை குச்சி பொறுக்கி, எறும்பு பார்த்து, நின்னு நின்னு போனா மணிக்கு ஒண்ணரை கிலோமீட்டர். உதிரி மணல்ல அதுல பாதி. பாண்டியில ஜனவரில சூரியன் உதிக்கிறதே கிட்டத்தட்ட ஆறரைக்கு. ஒன்பதரை, பத்துக்கு வெயில் ஏறிடும். ஆக உங்க கையில இருக்கறது மூணு மணி நேரம். நாலு கிலோமீட்டர், அவ்வளவுதான். அதுவும் போக வர சேர்த்து.

இங்க நடக்கறதுக்குத் தூரம் ஒரு பிரச்சினையே இல்ல, எல்லாமே தட்டை நிலம். நிழல்தான் பிரச்சினை. நிழல் இருக்கற 5 கி.மீ. அம்மாவே நடந்துடுவாங்க. நிழல் இல்லாத ரெண்டு கி.மீ.ல பெரியவங்களே முகம் சுண்டிப் போயிடும்.

ஏரிக்கு ஊசுட்டேரி. பாண்டிலருந்து மேற்க 10, 12 கி.மீ. பாண்டிக்குப் பாதி, விழுப்புரம் மாவட்டத்துக்குப் பாதி. பாண்டிப் பக்கத்தை 2008ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. சங்கராபரணி ஆத்துத் தண்ணி சுத்துக்கேணி வாய்க்கால் வழியா இங்க வருது. வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு டிசம்பர் கடைசியில ஏரி நிரம்பி நிக்கும், ஜனவரி, பிப்ரவரிதான் பறவைக்கு நல்ல காலம். மே மாசம் போனா தண்ணி பின்வாங்கிடும், பறவையும் தூரப் போயிடும்.

கரையில போறப்ப ரெண்டு விஷயம். ஒண்ணு, கரை நேர்கோடு. எங்க திரும்பறதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. "அந்தப் பனைமரம் வரைக்கும்"னு ஆரம்பிச்சா அது அடுத்த பனைமரம் ஆகும், திரும்பி வர்றப்பதான் குழந்தை "தூக்கு"ன்னு நிக்கும். கிளம்பினதுலருந்து 50 நிமிஷம் ஆனா திரும்பிடணும், எங்க இருந்தாலும் சரி. ரெண்டாவது, மதகுப் பக்கம் குழந்தையை விடாதீங்க. மேல தண்ணி அசையாத மாதிரி தெரியும், திறந்திருந்தா அடியில இழுக்கும். கரைச்சரிவுல பாசி பிடிச்ச கல்லும் அப்படித்தான், மேல காஞ்சிருக்கும், தண்ணிக்கு ஒரு சாண் மேலருந்தே வழுக்கும்.

நாமக்கோழி:
ஊசுட்டேரியில 9 வயசுப் பொண்ணு கண்டிப்பா அடையாளம் கண்டுபிடிக்கக்கூடியது: நாமக்கோழி (உடம்பு கருப்பு, நெத்தியில வெள்ளை நாமம்), முக்குளிப்பான் (கண்ணெதிரே மூழ்கி வேற இடத்துல எழும்பும், குழந்தைங்க எங்க வரும்னு பந்தயம் கட்டலாம்), நத்தைக்குத்தி நாரை (அலகு மூடினாலும் நடுவுல இடைவெளி தெரியும்), பாம்புத்தாரா. பாம்புத்தாரா நீந்தறப்ப உடம்பு முழுக்க உள்ள இருக்கும், கழுத்து மட்டும் பாம்பு மாதிரி வெளிய நீட்டிக்கிட்டுப் போகும். கரையேறினதும் றெக்கையை விரிச்சுக் காயவைக்கும். அதோட றெக்கை தண்ணியில நல்லா நனையற மாதிரி அமைஞ்சிருக்கு, அதனாலதான் சுலபமா மூழ்குது, அதனாலதான் காயவைக்கவும் வேண்டியிருக்கு.

பைனாகுலர் வாங்கறதா இருந்தா 8 மடங்கு போதும். 10 மடங்கு குழந்தை கையில ஆடும், ஒண்ணும் தெரியாது. காலையில கிழக்குக் கரையில நின்னு மேற்கப் பாருங்க, வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். எதிர்த்திசையில நின்னா எல்லாப் பறவையும் கருப்புதான்.

பனைமரத்தெரு:
அருமை. பாகூர் ஏரி எப்படி?

ஏரிமேடு:
கூட்டம் வேணாம்னா பாகூர்தான். கடலூர் ரோட்டுல கன்னியக்கோயில்ல மேற்க திரும்பணும். பெண்ணையாத்துத் தண்ணி பங்காரு வாய்க்கால்ல வருது. பங்காரு, சிங்காரின்னு ரெண்டு அக்கா தங்கச்சி வெட்டின வாய்க்கால்னு ஊர்க்கதை, குழந்தைங்களுக்குச் சொல்ல நல்லாருக்கும். ஏரி பார்த்துட்டு சோழர் காலத்து மூலநாதர் கோயில்ல உக்காந்தா அம்மாவுக்கும் நிழல். நடை சாத்தறதுக்குள்ள போயிடுங்க. ஆனா கரையில கடை கிடையாது, கழிவறை கிடையாது. ஊசுட்டேரியில படகுத்துறை இருக்கு. சின்னக் குழந்தை இருக்கறதால முதல்ல ஊசுட்டேரி.

கெடிலக்கரை:
கடலுக்கு கடலூர் வாங்க. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை. பாண்டிக்காரங்க கோவிச்சுக்காதீங்க, உங்க ஊர்ல நடக்கறதுக்கு மணல் எங்க இருக்கு?

அலைவாய்:
கோவமில்ல, உண்மைதான். ஆனா ஏன்னு சொல்றேன், அது தெரிஞ்சாதான் எங்க நடக்கறதுன்னு புரியும். இந்தக் கரையில வருஷத்துல பெரும்பாலான மாசம் மணல் தெற்கேருந்து வடக்க நகருது. தென்மேற்குப் பருவக்காத்து அலையை அப்படித் தள்ளுது. 1980களோட கடைசியில பாண்டித் துறைமுகத்துக்கு அரியாங்குப்பம் ஆத்து வாயில கல் தடுப்பு கட்டினாங்க. தெற்கேருந்து வந்த மணல் அங்கயே நின்னுடுச்சு. அதனால தடுப்புக்குத் தெற்க வீராம்பட்டினம் பக்கம் மணல் அகலமா கிடக்கு, வடக்க இருக்கற ஊரெல்லாம் பட்டினியா கிடந்து அரிச்சுப் போச்சு. அரிப்பைத் தடுக்க கல் கொட்டினாங்க, கல் முடியற இடத்துக்கு வடக்க அரிப்பு ஆரம்பிச்சுது, அங்கயும் கல். கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் தாண்டி இப்படியே போகுது.

ஆகவே பாண்டியிலருந்து வடக்க கடலோரமாவே நடந்துடலாம்னு வரைபடத்தைப் பார்த்து யாரும் கிளம்பாதீங்க. நடுநடுவுல கல் குவியல் மேல ஏறணும். அந்தக் கல்லு நிலையா இருக்காது, இடுக்குல கால் போனா கணுக்கால் போச்சு. அதுக்குப் பதிலா பாண்டி ஊருக்குள்ள கடற்கரைச் சாலை. அங்க மாலை 6 மணிலருந்து காலை 7:30 வரைக்கும் வண்டி கிடையாது. ஒண்ணரை கி.மீ. தட்டை ரோடு, முட்டி வலிக்காரங்களுக்கு அதைவிட நல்ல கடலோர நடை இந்தப் பக்கம் கிடையாது. பழைய கலங்கரை விளக்கம், காந்தி சிலை, பிரெஞ்சு போர் நினைவுச்சின்னம் எல்லாம் அந்த ஒண்ணரைக்குள்ள வந்துடும். அங்கயும் கல்லு மேல இறங்காதீங்க, அவ்வளவுதான்.

சுண்ணாம்பாறு60:
பாரடைஸ் பீச் யாரும் சொல்லலையே? சுண்ணாம்பாத்துலருந்து படகுல போறது குழந்தைக்குப் பிடிக்கும்.

அலைவாய்:
படகுக்குப் போகலாம், நடைக்கு இல்ல. வெட்டவெளி மணல், லீவு நாள்ல வரிசையிலயே ஒரு மணி நேரம். திரும்பற கடைசிப் படகு எப்பன்னு இறங்கறப்பவே கேட்டுக்கணும். நடக்கணும்னா வீராம்பட்டினம் மேல். அதோட அரிக்கன்மேட்டைச் சேர்த்துக்குங்க. அரியாங்குப்பம் பாலம் தாண்டி இடது பக்கம் திரும்பி வீராம்பட்டினம் ரோடு. மேடு ஆத்தோரம், மாமரம், தென்னை, நல்ல நிழல். ரோம் நாட்டோட வாணிபம் நடந்த துறைமுகம், 1945ல மார்ட்டிமர் வீலர் தோண்டினாரு. போனா "இதுதானா?"ன்னு இருக்கும், ஒரு செங்கல் சுவர் இடிபாடு நிக்கும். அது ரோமானியர் கட்டினது இல்ல, பிற்காலத்துப் பாதிரிமார் கட்டடம். இதைச் சொல்லலைன்னா குழந்தை ஸ்கூல்ல போய் தப்பா எழுதும். மழைக்கப்புறம் மண்ணுல ஓட்டுச்சில், பாசிமணி தெரியலாம். பார்த்துட்டு அங்கயே விட்டுடணும், பாதுகாக்கப்பட்ட இடம்.

வீராம்பட்டினத்துல காலைல படகு கரையேறும், ஏலம் நடக்கும். விரிச்சிருக்கற வலை மேல கால் வெக்காதீங்க. படகு ஏறி இறங்கற நேர்ல குழந்தையை நிக்க வெக்காதீங்க, அலையோட வர்ற படகை அவங்களால நிறுத்த முடியாது.

கெடிலக்கரை:
அதையெல்லாம் ஒத்துக்கறேன். ஆனாலும் தேவனாம்பட்டினம். மஞ்சக்குப்பத்துலருந்து ரெண்டு, மூணு கி.மீ.தான். ஆட்டோ வரும், கடை உண்டு, வடக்க தாழங்குடா பக்கம் பெண்ணையாத்து முகத்துவாரம் வரைக்கும் நேரா மணல். முழுசும் போகாதீங்க, அரை மணி போயிட்டுத் திரும்பிடுங்க. ஈரமும் காய்ஞ்சதும் சேர்ற கோட்டுல நடங்க. அலை இப்பதான் விட்டுப்போன இடம், மணல் இறுகியிருக்கும், கால் புதையாது. அம்மாவுக்கு மட்டும் ஒரு சங்கடம், அந்தக் கோடு கடல் பக்கம் சரிஞ்சிருக்கும். ஒரே திசையில ரொம்ப நேரம் நடந்தா ஒரு முட்டி அதிகமா வாங்கும். அவங்களை பத்து நிமிஷத்துல உக்கார வெச்சிடுங்க.

முகத்துவாரம் எதுவா இருந்தாலும், கெடிலமோ பெண்ணையாறோ, குழந்தையோட ஓரத்துல நிக்காதீங்க. மேல கெட்டியா தெரியற மணல் விளிம்பு, அடியில தண்ணி அரிச்சு குடைஞ்சு வெச்சிருக்கும். ஆள் ஏறினதும் பாளமா இடியும். முழங்கால் தண்ணிதானேன்னு குறுக்க இறங்கறதும் வேணாம், மழைக்காலம் முடிஞ்சும் ஆழம் ஒரு வாரத்துக்கு ஒரு மாதிரி இருக்கும்.

போற வழியில புனித டேவிட் கோட்டை இருந்த இடம். 1690ல கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியர்கிட்ட வாங்கினது, 1758ல பிரெஞ்சுக்காரங்க பிடிச்சு இடிச்சாங்க. இப்ப சிதிலம்தான். விலைபேசறப்ப கோட்டையிலருந்து பீரங்கி சுட்டு, குண்டு எட்டின தூரம் வரைக்கும் நிலம்னு ஒப்பந்தம். அதுக்குள்ள வந்த ஊருக்கெல்லாம் குண்டு கிராமம்னு பேரு. 9 வயசுக்கு இந்தக் கதை போதும், சிதிலத்தைத் தேடி வெயில்ல அலைய வேணாம்.

பனைமரத்தெரு:
குளிக்கலாமா?

கெடிலக்கரை:
வேணாம். கால் நனைக்கலாம், கணுக்கால் வரைக்கும், குழந்தை கையைப் பிடிச்சுக்கிட்டு. தை மாசமும் அலை சின்னது இல்ல, கரையோரமே திடீர்னு பள்ளமாகும். ரெண்டு பக்கமும் அலை உடையற இடத்துக்கு நடுவுல ஒரு துண்டு மட்டும் அமைதியா, கொஞ்சம் கலங்கலா இருந்தா அது நல்ல இடம்னு நினைச்சு இறங்குவாங்க. கரைக்கு வந்த தண்ணி திரும்பி ஓடற வழியே அதுதான். மாட்டினா எதிர்த்து நீந்தக்கூடாது, கரைக்கு இணையா நீந்தி அதைவிட்டு வெளிய வந்து அப்புறம் கரைக்குத் திரும்பணும். கரையில இருக்கறவங்க பின்னாடியே குதிக்கக்கூடாது, கேனோ கயிறோ தூக்கிப் போடணும்.

கரை ஒதுங்கின சொறியை (ஜெல்லி மீனை) குச்சியாலயும் குத்த விடாதீங்க, செத்தாலும் சுரீர்னு பிடிக்கும். பட்டா கடல் தண்ணியாலயே கழுவணும். மணல் போட்டுத் தேய்ச்சா இன்னும் எரியும்.

காட்டுப்பாலை:
காட்டைப் பத்தி யாரும் பேசலை. காடுன்னா புத்துப்பட்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில வடக்க 15 கி.மீ. போல, கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் காடு. இந்தக் கடலோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டுல மிஞ்சின துண்டு. மத்த எடமெல்லாம் விறகுக்கும் வயலுக்கும் போயிடுச்சு, இது சாமி காடுங்கறதால தப்பிச்சுது.

மரம் உயரம் இல்ல. வீரை, காயா, பாலை, கருங்காலி, எல்லாம் நெருக்கமா, இலை தடிச்சு, பளபளன்னு. மழை ஒரு மூணு மாசம், மிச்சம் வெயில், அதைத் தாங்கறதுக்குத்தான் இலை தோல் மாதிரி இருக்கு. குழந்தை கையில ஒரு உதிர்ந்த இலையைக் கொடுத்து மடிக்கச் சொல்லுங்க, படக்குன்னு ஒடியும். தலைக்கு மேல கொடி பின்னிக் கிடக்கும். பத்து மணிக்கும் உள்ள நிழல்.

சுத்தி வர ஒரு மணி நேரம் தாராளம். சுள்ளி ஒடிக்கக்கூடாது, கொடியில ஊஞ்சல் ஆடக்கூடாது. பொங்கல் வெக்கிற நாள்ல கூட்டம் அதிகம், குரங்கும் வரும், அதனால பையை மூடியே வெச்சிருக்கணும்.

சுண்ணாம்பாறு60:
ஆரோவில்? செம்மண் பள்ளத்தாக்குல போட்டோ எல்லாம் போடறாங்களே.

காட்டுப்பாலை:
அந்த செம்மண் ஓடைக்குக் குழந்தையோட போகாதீங்க. மழைத்தண்ணி அறுத்த பள்ளம், பக்கச்சுவர் உதிரி மண், மழைக்கப்புறம் பாளமா விழும். விளிம்புல நிக்கறதும் அடியில நிக்கறதும் ரெண்டுமே தப்பு. அந்த மேடு முழுக்க ஒரு காலத்துல அப்படித்தான் கிடந்துச்சு. 1968க்கு அப்புறம் வரப்பு போட்டு, மழைத்தண்ணியை நிறுத்தி, மரம் வெச்சு மீட்டாங்க.

ஆரோவில்ல பாட்டிக்கு ஏத்தது பார்வையாளர் மையத்துலருந்து மாத்ரிமந்திர் பார்வையிடம் வரைக்கும் போற பாதை. ஒரு கி.மீ. அளவு, மர நிழல், சமமான தரை. மையத்துல பாஸ் இலவசம், முதல்ல அதை வாங்கிடணும். நடக்க முடியாதவங்களுக்கு வண்டி உண்டு. உள்ள தியான அறைக்கு 10 வயசுக்குள்ள இருக்கறவங்களை விட மாட்டாங்க, அதுக்குத் திட்டம் போடாதீங்க. ஞாயித்துக்கிழமை நேரம் குறைவு, மத்த நாள்ல போங்க. வழியில தெரியற மத்தக் காட்டுப் பாதையெல்லாம் ஆள் குடியிருக்கற இடம், கேக்காம நுழையாதீங்க.

முள்ளுவாங்கி:
செருப்பைப் பத்தி ஒரு வார்த்தை. ஏரிக்கரைக்கு ஹவாய் செருப்பு போட்டுக்கிட்டு வராதீங்க. சீமைக்கருவேல முள் காய்ஞ்சு கீழ கிடக்கறப்ப மேல் நோக்கி நிக்கும். மெத்துன்னு இருக்கற ரப்பருல சத்தமே இல்லாம ஏறும். முதல்ல ஒண்ணும் தெரியாது. பத்து அடி நடந்து, உடம்பு பாரம் இறங்க இறங்க, கடைசி அரை அங்குலம் குதிகாலுக்குள்ள போகும். அப்ப செருப்பைக் கழட்டினா முள் ரப்பரோட ஒடிஞ்சு முனை மட்டும் உள்ள தங்கிடும். அதனால குழந்தை நொண்டினா செருப்பை இழுக்காதீங்க. உக்கார வெச்சு, ஒருத்தர் காலை அசையாம பிடிச்சுக்க, இன்னொருத்தர் செருப்பை நேரா கீழ் நோக்கி மெதுவா எடுக்கணும். ஒடிஞ்சு போனா ஊசியால நோண்டி ஆழமா தள்ளாதீங்க, டாக்டர்கிட்ட போங்க. டி.டி. (டெட்டனஸ்) ஊசி எப்ப போட்டதுன்னு கேப்பாங்க, தெரிஞ்சு வெச்சுக்குங்க.

கெட்டி அடியுள்ள ஷூ, காட்டன் சாக்ஸ். கடற்கரைக்கு மட்டும் செருப்பு.

மோர்ச்சட்டி:
சாப்பாடு. தயிர்சாதம் கொண்டு போய் மதியம் புளிச்சுதுன்னு வராதீங்க. ஒரு டம்ளர் அரிசிச் சாதத்தைக் குழைய வடிச்சு, சூடா இருக்கறப்பவே மசிச்சு, ஆறவெச்சு, காய்ச்சி ஆறின பால் ஒண்ணரை டம்ளர், தயிர் ஒரே ஒரு டேபிள்ஸ்பூன். உப்பு கம்மி. காலை 6 மணிக்குக் கலந்தா சாதம் வழியிலயே தயிராகி 12 மணிக்குச் சரியா இருக்கும். மாதுளை, திராட்சையெல்லாம் கலந்து வெக்காதீங்க, தனியா எடுத்துப் போங்க. தேங்காய்ச் சட்னி வேணவே வேணாம்.

தண்ணி ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் கணக்கு, உங்க கூட்டத்துக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர், காருல மிச்சம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ரெண்டு. பெரிய பாக்கெட்னா முழுசையும் 1 லிட்டர்ல கலக்கணும், பாதி டம்ளர்ல பாதி பாக்கெட் கொட்டினா குழந்தைக்குக் கெடுதல். பாக்கெட் இல்லைன்னா 1 லிட்டர் தண்ணிக்கு சர்க்கரை தலைதட்டி 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன்.

பனைமரத்தெரு:
அக்கா, தயிர்சாதக் கணக்கை எழுதி வெச்சுக்கிட்டேன். பாம்பு இருக்குமா?

ஏரிமேடு:
ஏரி, வயல், கோயில் காடு மூணுலயும் இருக்கும். பாதை தெரியற இடத்துல நடந்தா பயமில்ல. பட்ட இலைக் குவியல்ல, கல் இடுக்குல கை விடாதீங்க, அங்கதான் கண்ணாடி விரியன் அசையாம கிடக்கும். கடிச்சா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க. காலை குச்சி வெச்சு அசையாம கட்டி, நடக்க விடாம தூக்கி, நேரா பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரி, கடலூர்ப் பக்கம்னா அரசு தலைமை மருத்துவமனை. 108. பாம்பைத் தேடி அடிக்க நின்னு நேரத்தை விடாதீங்க.

கல்மரம்:
நாலாவது நாள் கிடைச்சா திருவக்கரை. கல்லான மரங்கள். சுமார் 2 கோடி வருஷம் பழசு, இந்திய புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்குது. மரம் படுத்தபடியே கிடக்கும், 15 மீட்டர் வரைக்கும் நீளம். கிட்டப் போய் உக்காந்து வெட்டு முகத்தைப் பாருங்க, மர நார், கணு எல்லாம் அப்படியே இருக்கும், தொட்டா கல். மரம் மண்ணுல புதைஞ்சு, காத்துப்படாம அழுகறதுக்கு முன்னாடி, தண்ணியில கரைஞ்ச சிலிக்கா ஒவ்வொரு செல்லா நிரப்பினதால வந்தது. கிளை, இலை, வேர் ஒண்ணும் இல்லாம கட்டையா கிடக்கறதைப் பார்த்து, வெள்ளத்துல எங்கருந்தோ உருண்டு வந்ததுன்னு சொல்றாங்க. உள்ள ஒரு சின்னச் சுத்து நடைதான், முக்கால் மணி நேரம். நிழல் கம்மி, வெயில் ஏறறதுக்குள்ள முடிங்க. ஒரு சில்லு கூட எடுக்கக்கூடாது. பௌர்ணமியில வக்கிரகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டம் நெரியும், அன்னிக்கு வேணாம்.

கெடிலக்கரை:
பிச்சாவரமும் சொல்லிடறேன், கேப்பாங்க. சதுப்பு நிலத்துல நடக்க முடியாது, படகுதான். மோட்டார் படகு அகலமான வாய்க்காலோட நின்னுடும், துடுப்புப் படகுதான் குறுகல்ல நுழையும், அதைக் கேளுங்க. சேத்துலருந்து பென்சில் மாதிரி நட்டமா நிக்கறது வெண்கண்டலோட மூச்சுவேர், வளைஞ்சு காலூன்றி நிக்கறது சுரபுன்னை. தில்லை மரத்தை மட்டும் ஒடிக்க விடாதீங்க, அதோட பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. பட்டா உடனே நல்ல தண்ணியால நிறைய கழுவி ஆஸ்பத்திரி. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேரு வந்தது இந்த மரத்தாலதான்.

பனைமரத்தெரு:
எல்லாருக்கும் நன்றி. திட்டம்: 15 ஊசுட்டேரி, 16 தேவனாம்பட்டினம், 17 புத்துப்பட்டும் மாத்ரிமந்திரும், 19 பாகூர். காலை 6:15க்கு வீட்டை விட்டுக் கிளம்பறது, பதினொண்ணுக்குத் திரும்பறது. சரியா?

ஏரிமேடு:
பொங்கல் 14ன்னா 16 காணும் பொங்கல். அன்னிக்கு தேவனாம்பட்டினம், சுண்ணாம்பாறு எல்லாம் தலைதான் தெரியும், மணல் தெரியாது. கடலை 17க்கு மாத்துங்க, 16 காலைல புத்துப்பட்டு மட்டும் போயிட்டு சீக்கிரம் திரும்பிடுங்க, மாத்ரிமந்திரை இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.

கெடிலக்கரை:
தை 5 என்னிக்குன்னு காலண்டர்ல பாருங்க. ஆத்துத் திருவிழா, சாமியெல்லாம் பெண்ணையாத்துக்கு வரும். அன்னிக்கு பாண்டி, கடலூர் ரோட்டுல பெண்ணைப் பாலத்துக்கிட்ட வண்டி நகராது. பாகூருக்கு அந்த நாள் வேணாம்.

பனைமரத்தெரு:
அம்மா அதைக் கேட்டதும் பாகூரே வேணாம், திருவிழாவுக்கே போலாம்ங்கறாங்க.

கெடிலக்கரை:
அப்ப காரை வீட்லயே விட்டுட்டு பஸ்ஸுல வாங்க, பாலத்துக்கு முன்னாடியே இறங்கி நடங்க. திருவிழாவுல விக்கிற சுருளிக்கிழங்கு வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க. மண்ணு போகக் கழுவி, தோலோட வேகவெச்சு உரிக்கணும்.